சிக்ரி மதிலுக்கு இந்தப் பக்கம்

காரைக்குடி காலேஜ் ரோட்டில் போய்வருகிறவர்களுக்குச் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத் தெரியாமல் இருக்காது. பெரிய வளாகம், வாசலில் காவலர்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், மின்சாரம் சம்பந்தமாக ஏதோ ஆராய்ச்சி என்பதற்கு மேல் பெரும்பாலும் பதில் வராது.

நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். ஒருமுறை மூன்றாம் ஆண்டு வகுப்பில், சிக்ரிக்குள் போயிருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். நாற்பது சொச்சம் பெண்களில் மூன்றே கைகள் உயர்ந்தன. இரண்டு பேர் பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் சுற்றிப் பார்க்கப் போனவர்கள். மூன்றாவது பெண்ணின் அப்பா உள்ளே குடியிருப்பு வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறவர். விடுமுறை நாட்களில் அவரோடு சைக்கிளில் போயிருக்கிறாள்.

அன்றைக்குச் செய்முறை வகுப்பில் மயில்துத்தக் கரைசலில் ஒரு பழைய சாவியைத் தொங்கவிட்டு, மின்கலத்தின் எதிர்முனையை அதில் இணைத்திருந்தோம். நேர்முனையில் ஒரு செம்புத் தகடு. கால் மணி நேரத்தில் சாவி சிவப்பேறிவிட்டது. "மேடம், கவரிங் நகைக்கும் இப்படித்தான் முலாம் பூசுகிறார்களா?" என்று ஒருத்தி கேட்டாள். இப்படித்தான். கவரிங் வளையல், துருப்பிடிக்கும் ஜன்னல் கம்பி, கைப்பேசி பேட்டரி, மூன்றும் மின்வேதியியல் என்ற ஒரே பாடத்தின் மூன்று பக்கங்கள். அந்தப் பாடத்துக்கென்றே நாடு நடத்தும் தேசிய ஆய்வகம், இந்தப் பெண்கள் வந்துபோகும் ஊரிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு மதில்தான்.

அந்த மதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெண்கள் அறிவியலுக்கு வர வேண்டும் என்று ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று, ஐ.நா. அறிவித்த அறிவியல் மகளிர் நாளில், கூட்டம் போட்டுப் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். பொன்னாடையும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்த வட்டாரப் பெண்களுக்கு ஊக்கம் குறைவாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு இல்லாதது வேறு.

கணக்கு அதைத்தான் சொல்கிறது. உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி 2021-22ஆம் ஆண்டில் அறிவியல் பாடங்களில் சேர்ந்திருந்தவர்கள் 57.2 லட்சம் பேர். அதில் பெண்கள் 29.8 லட்சம், அதாவது பாதிக்கும் மேல். ஆராய்ச்சி வேலையில் இருப்பவர்களைக் கணக்கெடுத்தால், 2021ஆம் ஆண்டில் பெண்கள் 18.6 விழுக்காடுதான். வகுப்பறையில் இரண்டுக்கு ஒன்றாக இருந்தவர்கள் ஆய்வகத்தில் ஐந்துக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறார்கள். படிக்க வருவதில் சிக்கல் இல்லை. படித்து முடித்த பிறகு, ஏறத்தாழ 21 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில், எங்கோ இறங்கிவிடுகிறார்கள்.

ஏன் என்று கேட்டால் கல்யாணம் என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கல்யாணம் ஒரு காரணம்தான். ஆனால் அந்த ஒன்றிலேயே நின்றுவிட்டால் மீதி எல்லாம் கண்ணில் படாமல் போகும்.

இந்த ஊரின் பழைய தொழில்முறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். (செட்டிநாடு என்றால் நகரத்தார் மட்டும் இல்லை. என் மாணவிகளில் பெரும்பாலானவர்கள் வேறு குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆனாலும் இந்த உதாரணத்துக்கு நகரத்தாரை விட்டால் ஆளில்லை.) பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில் ஒரு பையனைத் தொழிலில் விடுவதற்கு ஏணி இருந்தது. முதலில் பெட்டியடிப் பையன்: மேசைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கு எழுதுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவன். பிறகு அடுத்தாள். அதற்கும் மேலே, முதலாளிக்குப் பதிலாகக் கடையையே நடத்தும் மேலாள். மூன்று வருஷம் ஒரு தவணை, அது முடிந்ததும் ஊருக்கு வந்து குடும்பத்தோடு இருந்துவிட்டு மறுபடி கப்பலேறலாம். ஒவ்வொரு படிக்கும் பெயர் இருந்தது. எந்தப் படியில் என்ன கற்க வேண்டும், அடுத்த படிக்கு யாரிடம் சொல்லிவைக்க வேண்டும் என்பது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஐயாவுக்கும் தெரியும், வளவில் பலகாரம் சுடும் ஆச்சிக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்குள் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். அவர் சொல்லித்தான் பையன் உள்ளே போனான்.

அறிவியலுக்குள் முதலில் போன பெண்களின் கதையும் இதுதான். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912இல் பட்டம் பெற்றவர். அவருடைய தகப்பனார் நாராயணசாமி ஐயர் அதே மன்னர் கல்லூரியின் முதல்வர். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943இல் பட்டம் வாங்கினார். அந்தச் சான்றிதழில் அச்சாகியிருந்த 'அவன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவருடைய தகப்பனார் பப்பு சுப்பா ராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளைச் சேர்த்துக்கொள்ளும்படி முதல்வரிடம் பேசியதும் அவர்தான்.

இதைச் சொல்வதால் அந்தப் பெண்களின் பெருமை குறைந்துவிடாது. இரண்டு பேருக்கும் அறிவும் துணிச்சலும் இருந்தன. அதே அறிவும் துணிச்சலும் உள்ள இன்னும் ஆயிரம் பெண்கள் அந்தக் காலத்தில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான். பால் ஊற்றுகிறவர் மகளுக்கு உள்ளே ஆள் யார்? அரசும் அறிவியல் அமைப்புகளும் கடந்த இருபது வருடங்களில் கொண்டுவந்திருக்கும் உதவித்தொகைகளையும் திட்டங்களையும் நான் இந்தக் கேள்விக்கான பதிலாகவே பார்க்கிறேன். தகப்பனார் முதல்வராக இல்லாத பெண்ணுக்கு, தகப்பனார் செய்திருக்கக்கூடியதைச் செய்யும் காகிதங்கள் அவை. குறை என்னவென்றால், இந்த ஏணியின் படிகளுக்கு இருக்கும் பெயர்கள் எந்தத் திண்ணையிலும் அடிபடுவதில்லை.

பள்ளியிலிருந்து தொடங்குவோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் வந்தது. இது மட்டும் எல்லோருக்கும் தெரியும். விடியல் பயணத்தில் டவுன் பஸ்ஸும் இலவசம். இந்த இரண்டும் சேர்ந்து செய்திருக்கும் வேலையை, பள்ளத்தூர் பக்கமிருந்து வரும் காலை பஸ்ஸில் ஒருநாள் ஏறி நின்றால் புரிந்துகொள்ளலாம். இவை கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விடுகின்றன. மேலே போவதற்கு வேறு படிகள் வேண்டும்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் திட்டத்தில் ஷீ என்றொரு உதவித்தொகை இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், இருபாலருக்கும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தன் பாடத்திட்ட வாரியத்தில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்துவிட்டு, அடிப்படை அறிவியலில் பி.எஸ்சி. சேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 கைக்கு வரும். மீதி 20,000 கோடை விடுமுறையில் ஓர் ஆய்வாளரிடம் போய்ச் செய்யும் பயிற்சிக்காக. எனக்கு இந்த இருபதாயிரம்தான் முக்கியம். பணத்தோடு சேர்த்து, போய் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள் என்ற கட்டளையும் வருகிறது. கிட்டத்தட்ட பெட்டியடி. நீட் தேர்வில் இடம் கிடைக்காமல், முகம் வாடிப்போய் பி.எஸ்சி.யில் சேரும் பெண்களில் இந்த மதிப்பெண் உள்ளவர்கள் இருக்கிறார்கள். சேர்க்கையன்றே யாராவது சொன்னால் உண்டு. இல்லாவிட்டால் அந்த ஆண்டு விண்ணப்பம் போய்விடும். பொறியியலுக்கும் டிப்ளமோவுக்கும் போகிறவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை தனி: ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை.

கல்லூரியில் இருக்கும்போது பிடிக்க வேண்டிய இன்னொரு படி, மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுப் பயிற்சி. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களைத் தலைமையிடமாகக் கொண்டவை அந்தக் கழகங்கள். இரண்டு மாதம் நாட்டின் ஏதாவதொரு ஆய்வகத்தில் போய் வேலை செய்யலாம். உதவித்தொகையும் பயணச் செலவும் தருவார்கள். விண்ணப்பம் ஆண்டின் கடைசி மாதங்களில் வந்துவிடும். கோடையில்தானே போகப் போகிறோம் என்று மார்ச்சில் தேடுகிறவர்களுக்குக் கதவு சாத்தியிருக்கும். இந்த ஒரே காரணத்தால் தவறவிட்ட பெண்களை விரல்விட்டு எண்ணினால் என் இரண்டு கை போதாது. முதுகலைக்கு ஐ.ஐ.டி., இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களுக்குப் போக ஜாம் நுழைவுத் தேர்வு. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் குறைவு.

எம்.எஸ்சி. முடித்தபின் வருவதுதான் பெரிய படி. சிக்ரி போன்ற தேசிய ஆய்வகங்களை நடத்தும் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்ச்சி பெறுவது. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். இறுதியாண்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருகிறது என்பது நமக்குள்ள தனிக் குறை. இதில் தேர்ச்சி பெற்று ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000.

அந்தத் தொகை ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்தது என்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாணவி ஒருத்தியின் அப்பாவும் அம்மாவும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்பா லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். அவள் கொஞ்சம் தள்ளி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சரம்மா, பிள்ளை இன்னும் ஐந்து வருஷம் படிக்க வேண்டும் என்கிறாள். இதுவரை படிக்க வைத்ததற்கே கடன் அடைந்தபாடில்லை. இனி எங்கே போய் ஃபீஸ் கட்டுவேன்?"

"நீங்கள் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அவளுக்குத்தான் கொடுப்பார்கள்."

"யார்?"

"அரசாங்கம். மாதம் முப்பத்தேழாயிரம்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "படிக்கிறதற்கா?" என்றார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். இதை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். சொன்னேன் மேடம், ஸ்காலர்ஷிப் என்றேன், புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் மாதிரி என்று நினைத்துக்கொண்டார்கள் என்றாள்.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்கே ராத்திரி எத்தனை மணிக்கு விடுதிக் கதவைச் சாத்துவார்கள்?"

மேடைகளில் இந்தக் கேள்வியை யாரும் மதிப்பதில்லை. எனக்கு இது மிக நியாயமான கேள்வியாகப் படுகிறது. பேட்டரி ஆராய்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்த ஒரு மின்கலம் நிலைத்து உழைக்குமா என்று பார்க்க, அதை ஐந்நூறு தடவை ஏற்றி இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை ஏற்றி இறக்க இரண்டு மணி நேரம் என்றால் ஆயிரம் மணி நேரம், நாற்பத்தோரு நாளுக்கும் மேல். இயந்திரம் தானாக ஓடும்தான். ஆனால் நடுராத்திரி மின்சாரம் போய் வந்தால் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். ஆய்வக வேலை கடிகாரத்துக்குக் கட்டுப்படாது. பெண்ணை அனுப்புகிற வீடு, விடுதி எவ்வளவு தூரம், வழியில் விளக்கு இருக்கிறதா, ராத்திரி யார் கூட இருப்பார்கள் என்று கேட்கத்தான் செய்யும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சேரும் நாளிலேயே அதன் உறுப்பினர்கள் யார் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும்படி என் மாணவிகளிடம் சொல்லி அனுப்புவேன். பயமுறுத்துவதற்காக அல்ல. பஸ் நேரம் கேட்டுக்கொள்வதைப் போல இதுவும் ஒரு விவரம்.

அடுத்து, எல்லோரும் ஒரே வார்த்தையில் முடிக்கும் அந்த விஷயம்.

முனைவர் பட்டத்துக்கு நடுவில் கல்யாணமோ குழந்தையோ வந்தால் அத்தோடு படிப்பு நின்றுவிடும் என்று பெண்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளை அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. ஆய்வுக் காலத்தில் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முடிப்பதற்கான காலவரம்பில் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு. இவை இரண்டையும் விட எனக்கு வியப்பாக இருந்தது மூன்றாவது விதி. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், அதுவரை செய்த ஆய்வுத் தரவுகளை, மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, புதிய ஊரின் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். காரைக்குடியில் ஆரம்பித்ததைக் கோயம்புத்தூரில் தொடரலாம். பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோகிற சீர் வரிசையைக் கரண்டி முதல் எழுதி வைக்கிற ஊர் இது. அந்தப் பட்டியலில் ஆய்வுத் தரவையும் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

நடைமுறையில் அது அவ்வளவு எளிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிய ஊரில் அதே துறையில் வழிகாட்டி கிடைக்க வேண்டும், அவரிடம் இடம் இருக்க வேண்டும், இரண்டு அலுவலகங்களில் கோப்பு நகர வேண்டும். விதியைத் தெரிந்து வைத்திருந்து கேட்கிற பெண்ணுக்கே கோப்பு நகரும். தெரியாதவளிடம், அதெல்லாம் முடியாதம்மா என்று சொல்லி அனுப்பிவிடுவது மிகச் சுலபம்.

ஏற்கெனவே நிறுத்தியவர்களுக்கு இருக்கும் வழிதான் இந்த ஏணியில் மிகக் குறைவாகப் பேசப்படுவது. அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் பெண் விஞ்ஞானிகளுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இப்போது அது வைஸ்-கிரண் என்ற பெயரில், பல கிளைகளாக இயங்குகிறது. முனைவர் பட்டத்துக்கு ஒரு கிளை, பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு இன்னொன்று. இவற்றில் வயது 27இல்தான் தொடங்குகிறது. வேறெங்கும் 'இந்த வயதுக்கு மேல் வராதே' என்றே படித்துப் பழகிய கண்ணுக்கு, 'இந்த வயதுக்கு முன் வராதே' என்பது முதலில் அச்சுப்பிழை போலத் தெரியும். குழந்தைக்கு இரண்டு வயதான பிறகு மறுபடி தொடங்க நினைக்கும் பெண்ணை மனதில் வைத்து எழுதியது அது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோகேர் திட்டமும் இதே நோக்கத்தில் வந்தது. சி.எஸ்.ஐ.ஆர். தன் பங்குக்குப் பெண் விஞ்ஞானிகளிடமிருந்து மட்டும் ஆய்வுத் திட்டங்களை வரவேற்கும் ஆஸ்பயர் அழைப்பை 2023இல் வெளியிட்டது.

வைஸ்-கிரணின் ஒரு கிளையை மட்டும் தனியாக எடுத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்த வட்டாரத்துக்கு அது பொருந்தும். அறிவுசார் சொத்துரிமையில், முக்கியமாகக் காப்புரிமையில், உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி. ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்கும்போது, இதற்கு முன் உலகில் எங்காவது யாராவது இதைச் செய்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். பிறகு எது புதியது என்பதைச் சட்டத்துக்குப் பிடிபடும் மொழியில் எழுத வேண்டும். அதற்கு அறிவியல் தெரிந்த ஆள் தேவை. குடுவையும் புகைபோக்கியும் வேண்டியதில்லை. கணினியும் இணையமும் இருந்தால் தேவகோட்டையில் மாமியார் வீட்டு முகப்பில் உட்கார்ந்தும் செய்யலாம். அறிவியல் பட்டம் பெற்ற 21 வயது நிறைந்த எவரும் காப்புரிமை முகவருக்கான அரசுத் தேர்வை எழுதலாம். பி.எஸ்சி. முடித்தால் பி.எட்., அதை விட்டால் வங்கித் தேர்வு என்று இரண்டே பாதைகளைப் பார்த்துப் பழகிய வீடுகளுக்கு இது மூன்றாவது. பி.எட். படிப்பதை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நான் பிழைத்ததே கற்பித்துத்தான். ஆனால் ஆசிரியர் வேலை அவர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்ததாக இருக்கட்டும், வேறு எதுவும் தெரியாததால் போய் நின்ற இடமாக இருக்க வேண்டாம்.

மறுபடி அந்த மதிலுக்கே வருகிறேன். சிக்ரி இந்த ஊருக்கு வந்ததே ஒரு தனி மனிதர் கையை நீட்டியதால்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அந்த ஆய்வகத்தில் தொடக்கநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்த ந. கலைச்செல்வி, லித்தியம் அயனி பேட்டரிகளில் வேலை செய்து, 2019இல் அதன் முதல் பெண் இயக்குநரானார். 2022 ஆகஸ்டில் சி.எஸ்.ஐ.ஆரின் தலைமை இயக்குநரானார். 1942இல் தொடங்கிய அமைப்பில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண். அம்பாசமுத்திரத்துக்காரர், பள்ளிப் படிப்பு தமிழ்வழி. கல்லூரியில் அறிவியல் கருத்துகளைப் பிடித்துக்கொள்ளத் தமிழ்வழிக் கல்வி உதவியது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தி வந்த மறுநாள் வகுப்பில் படித்துக் காட்டினேன். தமிழ்வழியில் படித்தவர்கள் வழக்கமாகக் கடைசி வரிசையில்தான் உட்காருவார்கள். அன்றைக்கு அந்த வரிசையில் கொஞ்சம் சலசலப்பு இருந்தது.

லித்தியம் அயனி பேட்டரியின் வேலை, சொல்லப்போனால், போக்குவரத்துதான். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி எதிரே இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய்த் தங்குகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இப்படி எத்தனை தடவை சேதமில்லாமல் போய்வரும் என்பதில்தான் ஆராய்ச்சி. அந்தக் கிராஃபைட் நம் சிவகங்கை மண்ணிலேயே கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே அதை வெட்டிச் சுத்தப்படுத்துகிறது. வெட்டியெடுத்ததை அப்படியே பேட்டரிக்குள் வைத்துவிட முடியாது, இன்னும் பலமடங்கு தூய்மையாக்கிப் பக்குவம் செய்ய வேண்டும். அந்த இடைவெளியில் வேதியியல் படித்தவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. மின்சார வாகனத் தொழிற்சாலைகள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வந்துகொண்டிருக்கும்போது, கிராஃபைட் கிடைக்கும் மாவட்டத்தில், பேட்டரி ஆய்வகம் இருக்கும் ஊரில், வேதியியல் படிக்கும் பெண் இதையெல்லாம் கேள்விப்படாமலே பட்டம் வாங்கிக்கொண்டு போகிறாள் என்றால், குற்றம் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் மேல்தான். பல வருடம் நானும் தேர்வுக்குரிய பக்கங்களை மட்டுமே நடத்தியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு கடிதத்தைப் பற்றி. லேத் பட்டறைக்காரர் மகள், முதுகலையில் சேர்ந்த புதிதில், கோடைப் பயிற்சி கேட்டு ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். ஒருவரும் பதில் போடவில்லை என்று வந்து நின்றாள். வாங்கிப் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உள்ளது. தங்கள் மேலான ஆய்வகத்தில் வாய்ப்பளித்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வகையில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி. அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் போயிருந்தது. அறுபது முகவரியும் அறுபது பேருக்கும் தெரியும்படி. போதாக்குறைக்கு, அந்த ஐயாக்களில் கால்வாசிப் பேர் பெண்கள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். மூன்று ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய ஒரு கட்டுரையை அவள் படிக்க வேண்டும் என்றேன். படிக்க இரண்டு வாரம் ஆனது. பாதி புரியவில்லை என்றாள். புரியாத இடத்தையே கேள்வியாக எழுது என்றேன். பிறகு நான்கே வரி: உங்கள் கட்டுரையில் இந்த இடத்தைப் படித்தேன், இது எனக்குப் புரியவில்லை. எனக்கு இந்த இந்தக் கருவிகளைக் கையாளத் தெரியும். மே முதல் ஜூன் வரை என்னால் வர முடியும். என்னைப் பற்றி இந்த ஆசிரியரிடம் கேட்கலாம். ஆளுக்கு ஒரு தனிக் கடிதம், பெயர் சொல்லி.

மூவரில் இருவர் பதில் போடவில்லை. மூன்றாமவர் எட்டாம் நாள், அவள் கேட்ட கேள்விக்கு விடையும், மே முதல் வாரம் வரலாம் என்ற தகவலும் அனுப்பினார். கூடவே மூன்று காகிதங்கள் கேட்டிருந்தார்: அடையாள அட்டை நகல், மதிப்பெண் பட்டியல், இன்ன கல்லூரியில் படிக்கிறாள் என்று முதல்வர் கையெழுத்திட்ட ஒரு கடிதம். முதல் இரண்டும் அன்று மாலையே தயார். மூன்றாவதற்கு ஒன்பது நாள் ஆனது. அலுவலகத்தில் ஒருநாள் தலைப்புத் தாள் இல்லை, ஒருநாள் முதல்வர் இல்லை, ஒருநாள் எழுத்தர் விடுப்பு, இன்னொரு நாள் இந்த மாதிரிக் கடிதத்துக்கு மாதிரிப் படிவமே இல்லை என்றார்கள். பத்தாம் நாள் நானே போய் அந்த மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். அதை ஒரு நகல் எடுத்து, அடுத்து வரும் பெண்ணுக்கு மாதிரிப் படிவமாக இருக்கட்டும் என்று அவர்கள் கோப்பிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.